சொட்டு எண்ணெயை அளந்தவர்



மலைப்பாதையில் பேருந்தில் போயிருக்கிறீர்களா? முன்னால் ஒரு லாரி முக்கி முனகி ஏறிக்கொண்டிருக்கும். வளைவு வந்ததும் டிரைவர் காலை அழுத்துவார். உடனே பின்பக்கத்திலிருந்து கன்னங்கரேலென்று புகை! நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலை இழுத்து மூடுவீர்கள்.

லாரிக்கு வயதாகிவிட்டது என்று நினைப்போம். எப்போதும் அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. சில சமயம் இன்ஜின் பக்கத்தில் இருக்கும் ஒரு பெட்டியில், ஒரு சின்னத் திருகை யாரோ திருகிவிட்டிருப்பார்கள். வண்டிக்கு இன்னும் கொஞ்சம் பலம் வேண்டும் என்ற ஆசைதான்!

என்னிடம் ஆறாம் வகுப்பில் படித்த மாணவர் ஒருவர் இப்போது டீசல் பம்ப் சர்வீஸ் பட்டறை வைத்திருக்கிறார். ஒருநாள் அந்தப் பக்கம் போனேன். ஒரு லாரிக்காரர் பம்ப்பைக் கழற்றிக் கொண்டுவந்து, ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை, எண்ணெயைக் கொஞ்சம் கூட்டி வை என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாணவரோ கூட்ட மறுத்தார். முதலில் சோதித்துப் பார்க்கிறேன் என்று பம்ப்பை வாங்கி வைத்துக்கொண்டார். சோதித்ததில் என்ன தெரிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், அந்தப் பம்ப்பை உலகத்துக்குக் கொடுத்த மனிதரின் கதையைக் கேளுங்கள். அவர் பெயர் ராபர்ட் பாஷ்.

ஜெர்மனியில் உல்ம் என்று ஒரு நகரம். விஞ்ஞானி ஐன்ஸ்டைன் பிறந்த ஊர் அதுதான். அதன் அருகில் ஆல்பெக் என்ற கிராமத்தில், 1861ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி ராபர்ட் பாஷ் பிறந்தார். வீட்டில் மொத்தம் 12 குழந்தைகள். இவர் 11ஆவது! அப்பா விவசாயம் செய்தார். பயணிகள் தங்கும் விடுதி ஒன்றும் நடத்தினார். வசதியான குடும்பம்தான்.

சிறுவன் ராபர்ட்டுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. செடி கொடிகள், பறவைகள், விலங்குகள் என்றால்தான் உயிர். (உடனே சிரிக்காதீர்கள்! உங்களில் எத்தனை பேர் அப்படி என்று எனக்குத் தெரியும்.) ஆனால் அப்பா அவரை நுண்கருவிகள் செய்யும் தொழில் பழக அனுப்பினார். 1876இல் உல்ம் நகரில் ஒரு பட்டறையில் சேர்ந்தார். அங்கே முதலாளி பட்டறைப் பக்கமே அதிகம் வருவதில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் மூன்று ஆண்டுகள் கழிந்தன. அந்த வருத்தம் அவர் மனத்தை விட்டுப் போகவே இல்லை. பின்னாளில் அவரே முதலாளி ஆனதும், 1913இல், தொழில் பழக வரும் பையன்களுக்கென்று தன் தொழிற்சாலையில் தனிப் பயிற்சிக்கூடம் தொடங்கினார்.

தொழில் பழகி முடித்தவர் ஊர் ஊராகப் போய் வேலை பார்த்தார். இடையில் சில மாதங்கள் ஸ்டுட்கார்ட் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் பாடம் கேட்டார். 1884இல் கப்பல் ஏறி அமெரிக்கா போனார். அங்கே யாருடைய நிறுவனத்தில் வேலை தெரியுமா? மின்விளக்கு என்றதும் நினைவுக்கு வருவாரே, அந்த எடிசனின் நிறுவனத்தில்! பிறகு இங்கிலாந்தில் சிறிது காலம் இருந்துவிட்டுச் சொந்த நாட்டுக்குத் திரும்பினார்.

1886 நவம்பர் 15ஆம் தேதி ஸ்டுட்கார்ட்டில் ஒரு வீட்டின் பின்கட்டில் பட்டறை திறந்தார். வேலைக்கு ஒரு மெக்கானிக், எடுபிடிக்கு ஒரு பையன். அவ்வளவுதான். தொலைபேசி, மின்சார மணி என்று எந்த வேலை வந்தாலும் செய்தார்கள். வருமானம் போதவில்லை. கடன் வாங்கினார், திருப்பிக் கொடுத்தார், மறுபடி வாங்கினார். ஒரு சமயம் வேலை குறைந்து, இருந்த ஆட்களில் பெரும்பாலோரை அனுப்பிவிட வேண்டியதாயிற்று. வாடிக்கையாளர் வீடுகளுக்குச் சைக்கிளில்தான் போவார். அந்தக் காலத்தில் சைக்கிள் ஓர் அதிசயப் பொருள். தெருவில் எல்லாரும் நின்று பார்ப்பார்களாம். காசு செலவில்லாத விளம்பரம்!

1887இல் ஒரு வாடிக்கையாளர் வந்து, இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் கருவி ஒன்று செய்துதரும்படி கேட்டார். மேக்னெட்டோ என்று அதற்குப் பெயர். காந்தத்துக்கு நடுவே கம்பிச்சுருளைச் சுழற்றினால் மின்சாரம் வரும் அல்லவா? அந்த மின்சாரத்தில் தீப்பொறி உண்டாக்குவதுதான் மேக்னெட்டோ. வேறொரு நிறுவனம் செய்திருந்த கருவியைப் பார்த்து, அதற்குக் காப்புரிமை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அதைவிட நன்றாக ஒன்று செய்துகொடுத்தார் பாஷ்.

பத்து ஆண்டுகள் கழித்து ஒரு பெரிய சோதனை வந்தது. மூன்று சக்கர மோட்டார் வண்டி ஒன்றுக்கு மேக்னெட்டோ கேட்டார்கள். அந்த வண்டியின் இன்ஜின் நிமிடத்துக்கு 1,800 முறை சுழலும். அதுவரை செய்த மேக்னெட்டோக்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. பட்டறையின் தலைமைத் தொழிலாளி ஆர்னால்டு சேரிங்கர் வழி கண்டுபிடித்தார். கனமான பாகத்தை அசைய விடாமல், லேசான ஓர் உறையை மட்டும் ஆட வைத்தார். 1902இல், பாஷிடமே தொழில் பழகிய காட்லோப் ஹோனால்டு என்ற பொறியாளர், ஸ்பார்க் பிளக்குடன் சேர்ந்து வேலை செய்யும் புதிய மேக்னெட்டோவை உருவாக்கினார். உலகம் முழுவதும் கார்களில் பாஷ் கருவி ஏறியது.

பாஷ் பொருள்களின் மேல் ஒரு வட்டச் சின்னம் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? வட்டத்துக்குள் இருப்பது மேக்னெட்டோவுக்குள் சுழலும் பாகத்தின் குறுக்குவெட்டு. அதை 1918இல் வரைந்தவரும் இதே ஹோனால்டுதான்.

முதலாளி பாஷ் எப்படிப்பட்டவர்? 1906இல் தன் தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேர வேலை போதும் என்று அறிவித்தார். மற்ற முதலாளிகள் முகம் சுளித்தார்கள். சிலர் அவரைச் சிவப்பு பாஷ் என்று கேலி செய்தார்கள். நல்ல கூலி கொடுத்தார். ஆனால் வீணடிப்பது மட்டும் பிடிக்காது. தரையில் கிடந்த ஒரு காகித கிளிப்பை எடுத்து, இது என்னவென்று ஓர் ஊழியரிடம் கேட்டாராம். கிளிப் என்றார் அவர். இல்லை, இது என் பணம் என்று திருத்தினாராம் பாஷ். இந்தக் கதையை அந்த நிறுவனத்தில் இன்றும் சொல்கிறார்கள்.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. ராணுவ வண்டிகளுக்கும் மேக்னெட்டோ தேவைப்பட்டதால் பணம் கொட்டியது. போரில் சம்பாதித்த பணம் பாஷுக்கு உறுத்தியது. பல மில்லியன் மார்க்குகளைப் பொதுக் காரியங்களுக்குக் கொடுத்துவிட்டார். புதிய தொழிற்சாலைக் கட்டடங்களைக் காயம்பட்டவர்களுக்கு மருத்துவமனையாக்கினார். போரில் ஜெர்மனி தோற்றது. அமெரிக்காவில் இருந்த அவருடைய தொழிற்சாலையை அந்த நாட்டு அரசு பறிமுதல் செய்து விற்றுவிட்டது. 1921இல் நீண்டகால நோயால் அவருடைய மகன் இறந்துபோனார். பாஷுக்கு அப்போது 60 வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் அவருக்கு ஒரு புதிய கவலை வந்தது. அது என்னவென்று புரிய, டீசல் இன்ஜின் எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும்.

சைக்கிளுக்குக் காற்று அடித்த பிறகு பம்ப்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சுடும்! காற்றை அழுத்தினால் சூடேறும். பெட்ரோல் இன்ஜினில் எரிபொருளைப் பற்ற வைக்கத் தீப்பொறி வேண்டும். டீசல் இன்ஜினில் அது தேவையில்லை. சிலிண்டருக்குள் காற்றை மிக அதிகமாக அழுத்தினால், 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடேறிவிடும். அந்த நேரத்தில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். இதைச் செய்து காட்டியவர் ருடால்ப் டீசல். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய இன்ஜின் வெற்றிகரமாக ஓடியது.

இப்போது பாஷின் கவலை புரிகிறதா? அவர் விற்பது தீப்பொறி. டீசல் இன்ஜினுக்கோ தீப்பொறியே வேண்டாம்! நாளைக்கு எல்லா வண்டிகளும் டீசலுக்கு மாறிவிட்டால் மேக்னெட்டோவை யார் வாங்குவார்கள்?

ஆனால் டீசல் இன்ஜினை வண்டியில் வைக்க ஒரு பெரிய தடை இருந்தது. அழுத்தப்பட்ட காற்று வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போது, அதை மீறி எண்ணெயை உள்ளே செலுத்த வேண்டுமே! ருடால்ப் டீசல் அதற்காகத் தனியாக ஒரு கம்ப்ரெசர் வைத்து, இன்னும் பலமான காற்றால் எண்ணெயை ஊதித் தள்ளினார். அந்தக் கம்ப்ரெசர் பெரியது, கனமானது. தொழிற்சாலையிலும் கப்பலிலும் வைக்கலாம். லாரியில் எப்படி வைப்பது? பாவம், ருடால்ப் டீசல் இதற்கு முடிவு காணும் முன்பே, 1913 செப்டம்பரில் இங்கிலாந்து போகும் கப்பலிலிருந்து இரவில் காணாமல் போனார். சில நாள் கழித்துக் கடலில் உடல் கிடைத்தது.

கம்ப்ரெசர் இல்லாமல், ஒரு சிறிய பம்ப்பாலேயே எண்ணெயைப் பீய்ச்சும் முயற்சிகள் பல நாடுகளில் நடந்தன. இதை முதலில் யோசித்தவர் பாஷ் அல்லர். ஆனால் ஒன்றிரண்டு பம்ப் செய்வது வேறு. ஆயிரக்கணக்கில் செய்து, அத்தனையும் ஒன்றுபோல் அளக்க வைப்பது வேறு. சின்னச் சின்னப் பாகங்களைத் துல்லியமாகச் செய்யும் இயந்திரங்களும், பழகிய கைகளும் தன்னிடம் இருப்பது பாஷுக்குத் தெரியும். 1922ஆம் ஆண்டின் கடைசியில் முடிவெடுத்தார். தீப்பொறி விற்றவர், தீப்பொறி வேண்டாத இன்ஜினுக்குப் பம்ப் செய்யப் புறப்பட்டார்!

1923இன் தொடக்கத்திலேயே ஏறத்தாழ ஒரு டஜன் மாதிரிகள் வரைந்தாயிற்று. செய்தார்கள், சோதித்தார்கள், தூக்கிப் போட்டார்கள். 1925இல்தான் ஒரு வடிவம் உறுதியானது. முதல் பம்ப்புகள் வரிசையாகத் தயாராகி வெளியே வந்தது 1927 நவம்பரில். ஐந்து ஆண்டுகள்! எதற்கு இவ்வளவு காலம்? ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள்.

ஆறு சிலிண்டர் லாரி இன்ஜின். நிமிடத்துக்கு 2,000 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டருக்கும் எண்ணெய் போக வேண்டும். அப்படியென்றால் ஒரு சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 1,000 முறை. ஆறு சிலிண்டருக்கு 6,000 முறை. ஒரு நொடிக்கு? 100 முறை! ஒவ்வொரு முறையும் போகும் அளவு எவ்வளவு? வண்டி முழுப் பாரத்தோடு ஓடும்போதுகூட, கண்ணுக்கு மருந்து விடுகிறோமே, ஏறக்குறைய அந்த ஒரு சொட்டு. அந்தச் சொட்டையும் ஒரு நொடியை ஆயிரமாகப் பங்கிட்டால் இரண்டு மூன்று பங்கு நேரத்துக்குள் பீய்ச்சி முடிக்க வேண்டும். முந்தினாலும் கெடுதல், பிந்தினாலும் கெடுதல். ஆறு சிலிண்டருக்கும் ஒரே அளவாகப் போகாவிட்டால் இன்ஜின் உதறும்.

பம்ப்புக்குள் என்ன இருக்கிறது என்று என் மாணவர் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு குட்டி உரலும் உலக்கையும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உலக்கைக்குப் பிளஞ்சர் என்று பெயர். உரலும் உலக்கையும் சேர்ந்த ஜோடியைப் பட்டறையில் எலிமென்ட் என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி, நம் தலைமுடியின் கனத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான்! எண்ணெய் கசியாமல் இருக்க ரப்பர் வளையம் எதுவும் கிடையாது. அந்தப் பொருத்தம்தான் காவல். ஒரு ஜோடியின் உலக்கையை இன்னொரு ஜோடியின் உரலில் போடக்கூடாது. ஒரு துளி மண் போனால் போதும், இரண்டும் சிக்கிக்கொள்ளும்.

இந்த உலக்கை எப்போதும் ஒரே உயரம்தான் மேலே போய்க் கீழே வரும். பிறகு எப்படி எண்ணெயைக் கூட்டுவது, குறைப்பது? அங்கேதான் சாமர்த்தியம். உலக்கையின் பக்கத்தில் சாய்வாக ஒரு வெட்டு இருக்கிறது. மேலே போகும்போது அந்த வெட்டு, உரலின் சுவரில் உள்ள துளைக்கு நேராக வந்துவிட்டால், அழுத்தம் போய்விடும். மிச்ச எண்ணெய் வந்த வழியே திரும்பிவிடும். உலக்கையைக் கொஞ்சம் திருப்பி வைத்தால், சாய்வு வெட்டு துளையைச் சீக்கிரமோ தாமதமாகவோ சந்திக்கும். சீக்கிரம் சந்தித்தால் எண்ணெய் குறைவு. தாமதமாகச் சந்தித்தால் எண்ணெய் அதிகம். ஆறு உலக்கைகளையும் ஒரே நேரத்தில் திருப்ப ஒரு பல் வைத்த நீளக் கம்பி இருக்கிறது. அதுதான் ராக். டிரைவர் காலை அழுத்தும்போது கடைசியில் நகர்வது இந்த ராக்தான். இன்ஜின் அளவு மீறிச் சுற்றினால் ராக்கைப் பின்னால் இழுக்க கவர்னர் என்ற காவல்காரரும் உண்டு.

சரி, நான் முதலில் சொன்ன திருகு எங்கே? ராக் எவ்வளவு தூரம் போகலாம் என்று தடுத்து நிறுத்துகிறதே, அதுதான் அந்தத் திருகு. அதைக் கொஞ்சம் தளர்த்தினால் ராக் இன்னும் கொஞ்சம் தூரம் போகும். சொட்டு கொஞ்சம் பெரிதாகும். வண்டியின் பலமும் கூடும். பொய்யில்லை, உண்மையிலேயே கூடும்! ஆனால் எதுவரை?

பாட்டி வீட்டு விறகடுப்பை நினைத்துப் பாருங்கள். விறகை அளவோடு வைத்தால் திகுதிகுவென்று எரியும். இன்னும் ஒரு கட்டை வைத்தால் இன்னும் எரியும். அவசரப்பட்டு அடுப்பின் வாய் நிறையத் திணித்தால்? வீடெல்லாம் புகை! காரணம், விறகு இருக்கிறது, காற்று இல்லை. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய பதினான்கரை கிலோ காற்று வேண்டும். சிலிண்டர் உறிஞ்சும் காற்றுக்கு ஓர் அளவு உண்டு. அதற்கு மேல் எண்ணெயை விட்டால் எரியாத கரி, கரும்புகையாக வெளியே வருகிறது. உள்ளே சூடு ஏறி பிஸ்டன் உருகிப்போவதும் உண்டு. மலை உச்சியில் காற்றின் அடர்த்தி குறைவு. அதனால் சமவெளியில் சரியாக ஓடிய வண்டிகூட மலையில் கொஞ்சம் புகை விடும்.

பாட்டி அப்போது என்ன செய்வார்? ஊதுகுழலை எடுத்து ஊதுவார். மளமளவென்று தீ பிடிக்கும். இன்ஜினுக்கும் அப்படி ஓர் ஊதுகுழல் உண்டு. இன்ஜின் வெளியே விடும் சூடான வாயுவைக் கொண்டே ஒரு விசிறியைச் சுழற்றி, உள்ளே அதிகக் காற்றைத் திணிக்கும் டர்போ சார்ஜர்தான் அது. சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்பிரட் புச்சி 1905இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். காற்றைக் கூட்டினால்தான் எண்ணெயையும் கூட்டலாம். அப்போதும் இன்ஜினின் பாகங்கள் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான். பீய்ச்சும் நேரத்தையும் சரிபார்க்க வேண்டும். மிகவும் முந்திப் பீய்ச்சினால் இன்ஜின் கடகடவென்று தட்டும். பிந்தினால் எண்ணெய் வீணாகிச் சூடு மட்டும் ஏறும். இதையெல்லாம் பார்க்காமல் திருகை மட்டும் திருகினால் அடுப்பில் விறகைத் திணித்த கதைதான். அதனால் தொழிற்சாலையிலேயே அளந்து வைத்து, யாரும் தொடாதபடி அந்தத் திருகுக்குக் கம்பி கட்டி ஈய முத்திரை வைத்துவிடுவது வழக்கம்.

பாஷ் பம்ப் வந்த பிறகு லாரிகளில் டீசல் இன்ஜின் வேகமாகப் பரவியது. அடுத்த ஆசை கார். காருக்குப் பம்ப் இன்னும் சிறியதாக வேண்டும், இன்ஜின் இன்னும் வேகமாகச் சுழலும். அதையும் செய்தார்கள். 1936இல் பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 260டி என்ற டீசல் காரைக் காட்டியது. 45 குதிரைசக்தி. இன்றைக்கு ஒரு சின்னக் கார்கூட அதைவிட அதிகம்! ஆனால் எண்ணெய்ச் செலவு குறைவு என்பதால் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

பிறகு வந்தது இருண்ட காலம். 1933 முதல் ஜெர்மனி ஹிட்லர் கையில் இருந்தது. பாஷுக்கு ஹிட்லரைப் பிடிக்காது. ஹிட்லரை எதிர்த்த கார்ல் கோர்டிலர் என்பவருக்குத் தன் நிறுவனத்தில் ஆலோசகர் வேலை கொடுத்தார். யூதர்களுக்கு உதவப் பணம் போனது. அதில் முன்நின்ற ஹான்ஸ் வால்ஸ் என்ற அதிகாரியை இஸ்ரேல் நாடு பின்னாளில் கௌரவித்தது. ஆனால் குழந்தைகளே, மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பாஷின் தொழிற்சாலைகள் ஹிட்லரின் ராணுவத்துக்கும் உழைத்தன. லாரிக்கென்று பழகிய பீய்ச்சும் பம்ப் தொழில், போர் விமானங்களின் பெட்ரோல் இன்ஜினுக்கும் போனது. அங்கும் இன்னும் பலம், இன்னும் வேகம் என்றுதான் கேட்டார்கள். அந்தப் போர்க்காலத்தில் பிற நாடுகளிலிருந்து வலுக்கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் ஏறத்தாழ 20,000 பேர் அந்த நிறுவனத்தில் வேலை செய்ய வைக்கப்பட்டார்கள். எட்டு மணி நேர வேலை என்று 1906இல் அறிவித்தவரின் தொழிற்சாலையில்தான் இதுவும் நடந்தது. இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது.

1940இல் ஸ்டுட்கார்ட் நகரில் தன் செலவில் ஒரு மருத்துவமனை திறந்தார். 1942 மார்ச் 12ஆம் தேதி, 80ஆவது வயதில் காலமானார். தனக்குப் பிடிக்காத அந்த அரசே அவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்தியது. 1964 முதல் அவருடைய நிறுவனத்தின் பெரும் பங்கு அவர் பெயரிலுள்ள அறக்கட்டளையிடம் இருக்கிறது. அதற்கு வரும் லாபப் பங்கு கல்விக்கும் மருத்துவத்துக்கும் போகிறது.

நம் நாட்டுக்கு அந்தப் பம்ப் எப்படி வந்தது? 1951இல் மைக்கோ என்ற நிறுவனம் தொடங்கப்பட்டு, பெங்களூருவில் பாஷ் முறையில் உற்பத்தி நடந்தது. 2008இல் அதன் பெயரை பாஷ் என்றே மாற்றிவிட்டார்கள். ஆனாலும் பழைய மெக்கானிக்குகளுக்கு அது இன்னும் மைக்கோ பம்ப்தான்! உங்கள் ஊர் லாரிப் பட்டறையில் கேட்டுப் பாருங்கள். 1997இலிருந்து காமன் ரயில் என்ற முறை வந்து, சொட்டை அளக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. இப்போது வரும் புதிய லாரிகளில் சாய்வு வெட்டும் இல்லை, ராக்கும் இல்லை. பழைய லாரிகளிலும் டிராக்டர்களிலும் ஜெனரேட்டர்களிலும் அந்தக் குட்டி உலக்கைகள் இன்னும் குத்திக்கொண்டிருக்கின்றன.

இப்போது பட்டறைக்கு வருவோம். என் மாணவர் பம்ப்பைச் சோதனை மேடையில் மாட்டி மோட்டாரால் சுழற்றினார். ஆறு நாசில்களிலிருந்தும் எண்ணெய் ஆறு கண்ணாடிக் குழாய்களில் விழுந்தது. ஒரு சொட்டை அளக்க முடியாது அல்லவா? அதனால் ஆயிரம் முறை பீய்ச்ச விட்டு, சேர்ந்ததை அளந்தார். ஐந்து குழாய்களில் எண்ணெய் இருக்க வேண்டிய கோட்டுக்கு மேலே நின்றது. நான்காவது குழாயில் மட்டும் வெகு கீழே! ஈய முத்திரையோ எப்போதோ அறுக்கப்பட்டிருந்தது.

எனக்கும் லாரிக்காரருக்கும் அவர் விளக்கிச் சொன்னார். நான்காவது எலிமென்ட் தேய்ந்து எண்ணெய் கசிகிறது. அதனால் அந்தச் சிலிண்டர் பட்டினி. வண்டி இழுக்கவில்லையே என்று முன்பு யாரோ திருகைத் தளர்த்திவிட்டார்கள். விளைவு? மற்ற ஐந்துக்கும் அளவுக்கு மிஞ்சிய சாப்பாடு, அதனால் கரும்புகை. பட்டினி கிடந்த நான்காவதுக்கோ ஒன்றும் பெரிதாகக் கிடைக்கவில்லை. திருகை இன்னும் தளர்த்தியிருந்தால் அந்த ஐந்தும் சேர்ந்து கெட்டிருக்கும்.

புது எலிமென்ட் போட்டார். திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். மறுபடி சுழற்றினார். ஆறு குழாய்களிலும் எண்ணெய், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல் ஒரே மட்டத்தில் நின்றது. புதுக் கம்பி கோத்து, ஈயத்தை வைத்து அழுத்தினார். லாரிக்காரர் பம்ப்பைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினார். இரண்டு நாள் கழித்து அவர் போன் செய்தாராம். மலையில் கியரை மாற்றாமலே ஒரு வளைவைத் தாண்டிவிட்டதாம் வண்டி.